அந்த நாலு நிமிடம் நான் என்ன நினைத்தேன்

1

மெல்பர்னில் பஸ் ஓட்டத் தொடங்கிப் பதினோரு வருடம் முடிந்த அன்று டிப்போவிலிருந்து எனக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. ஒன்று வாழ்த்து: சாப்பாட்டு அறையில் கேக் வைத்திருக்கிறோம், வந்து வெட்டுங்கள். இன்னொன்று: செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டிலிருந்து ஒன்பது பதினாறு வரை உங்கள் மனநிலையில் காணப்பட்ட மாற்றத்துக்கு விளக்கம் தேவை. இரண்டுக்கும் அடியில் அதே ஆள், அதே 'அன்புடன்'.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. எனக்கும் புரியவில்லை. கேக்கை வெட்டிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். வெறும் வயிற்றோடு இந்த ஊர் ஆபீஸ் அறைகளுக்குள் நான் நுழைவதில்லை.

உள்ளே மூன்று பேர். மேலாளர் கிரெக்; நல்ல மனிதர், மல்லிகா என்கிற என் பெயரை 'மாலீக்கா' என்று இழுப்பார், ஆனால் மரியாதையாக இழுப்பார். பக்கத்தில் பணியாளர் பிரிவுப் பெண், கையில் நோட்டு. மூன்றாமவர் சுவரில் இருந்த திரையில் தெரிந்தார். அவர் தலைப்பட்டை விற்ற கம்பெனிக்காரர்.

தலைப்பட்டை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் டிரைவர் தொப்பிக்குள் ஒரு நாடா தைத்திருக்கிறது. நெற்றியில் ஒட்டிக்கொண்டு மூளையில் ஓடுகிற மின்சாரத்தை அளக்கும். டிரைவர் தூங்கி வழிகிறாரா, முழித்திருக்கிறாரா, பதற்றமாக இருக்கிறாரா என்றெல்லாம் அதற்குத் தெரியுமாம். என் செவ்வாய்க்கிழமை முழுவதும் பச்சைக் கோடாக ஓடி, அந்த நாலு நிமிடம் மட்டும் சிவப்பாக எகிறியிருந்தது.

"அந்த நேரத்தில் பஸ் எங்காவது இடித்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"பிரேக்கை அழுத்தி மிதித்தேனா? யாராவது புகார் சொன்னார்களா?"

"இல்லை, இல்லை. இரண்டு நிறுத்தத்துக்கும் சரியான நேரத்துக்குப் போயிருக்கிறீர்கள்."

"பிறகு என்ன?"

கிரெக் கைகளைக் கோத்துக்கொண்டார். "ஒன்றுமில்லை மாலீக்கா. என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரையில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்து அவசரமாகக் குறுக்கிட்டார். பட்டை நினைப்பைப் படிக்காது, நினைப்பின் பாரத்தைத்தான் அளக்கும், அதனால் நான் பயப்படத் தேவையில்லை என்றார். "அப்படியென்றால் பாரத்தை எழுதிக்கொள்ளுங்கள், மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஏன் கேட்கிறீர்கள்?" என்றேன். அதற்கு மூன்று பேருமே புன்னகைத்தார்கள். இந்த ஊரில் பதில் இல்லாவிட்டால் புன்னகைப்பார்கள்.

கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் தமிழில் வரும். 'என் தலை என்ன உங்கப்பன் வூட்டு சொத்தா' என்பதை அப்படியே இங்கிலீஷாக்கிக் கேட்டுவிட்டேன். பணியாளர் பிரிவுப் பெண் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நோட்டில் எழுதினாள். பிறகு மெதுவாக, "அப்பாவைப் பற்றிப் பேச விருப்பமா? அண்மையில் காலமானாரா?" என்றாள். அப்பா போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. ஆறுதல் சொல்ல ஆள் ஏற்பாடு செய்வதாகச் சொல்லி ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தாள்.

கடைசியில் ஒரு படிவம் நீட்டினார்கள். 'காரணம்' என்று போட்டு ஒரு கட்டம். அதை நிரப்பி, டாக்டரையும் பார்த்து வரும்வரை பஸ் ஓட்ட முடியாது. இது தண்டனை இல்லை என்று மூன்று தடவை சொன்னார்கள்.

2

பட்டை வந்த கதையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்கேயோ ஒரு டிரைவர் கண்ணயர்ந்து மரத்தில் ஏற்றிவிட்டார் என்று பேச்சு வந்தது. அதற்குப் பிறகுதான் இதைக் கொண்டுவந்தார்கள். தூக்கம் வந்தால் காதுக்குள் பீப் என்று கத்தும். ஒரு குளிர்காலக் காலையில் என்னையும் அது எழுப்பி விட்டிருக்கிறது. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முப்பது பேர் இருந்தார்கள். அன்றைக்கு அந்தத் தொப்பியைக் கழற்றி முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. அதனால் பட்டையே கூடாது என்று கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை.

முதலில் தூக்கம் மட்டும் பார்த்தார்கள். அடுத்த வருடம் கவனம். அதற்கடுத்து மன அழுத்தம். ஒவ்வொரு தடவையும் டிப்போ வாசலில் ஒரு டேப்லெட்டை நீட்டுவார்கள். பதினான்கு பக்கம், அடியில் 'உடன்படுகிறேன்' என்று நீலப் பொத்தான். உடன்படாவிட்டால் தனியாக நேரம் வாங்கி யாரையோ போய்ப் பார்க்க வேண்டும். எனக்குப் பின்னால் வரிசை நிற்கும், வெளியே பஸ் உறுமிக்கொண்டிருக்கும். நான் விரலை வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

அப்பாவோடு மனு கொடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போன ஞாபகம் வருகிறது. கரும்பு வெட்டுகிற அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "எங்க வெக்கணும் சார்?" என்று கேட்டு, காட்டிய இடத்தில் பெருவிரலை உருட்டிவிட்டு வருவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக் கூடாதா என்று, அப்போது கல்லூரியில் முதல் வருடம் படித்த நான் பஸ் ஸ்டாண்டு வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். படித்த பெண் இன்றைக்கு அதே வேலையைக் கண்ணாடி மேல் செய்கிறாள்.

3

இனி, அந்த நாலு நிமிடம்.

அன்று காலை ஒன்பது மணிக்குக் கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஓய்வு நேரத்தில் தம்பி முருகன் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். அவன் கச்சிராயபாளையத்திலேயே இருக்கிறான்.

"அக்கா, நேத்து புள்ளங்கள இட்டுகினு கரியாலூர் அருவிக்குப் போயிருந்தோம். அங்க யார பாத்தேன் சொல்லு? அஞ்சலக்கா! அவிச்ச மரவள்ளிக்கெழங்கு வித்துகினு இருக்குது. நம்ம அப்பா ஜாடய வெச்சே என்னக் கண்டுபுடிச்சிட்டுது. 'மல்லிகா எப்டிடா இருக்கா, பஸ்ஸு ஓட்றாளாமே'ன்னு ஆசயா கேட்டுச்சி. ஒன் நம்பரு குடுக்கட்டா?"

போனை மூடிவிட்டு ஒன்பது பத்துக்குப் பஸ்ஸை எடுத்தேன். ஒன்பது பன்னிரண்டுக்கு எனக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது.

கரும்புத் தோட்டக்காரர் ஒருவர் வீட்டில் ஒரு ஜோடித் தங்கத் தோடு காணாமல் போனது. அந்த வீட்டுக்கு வேலைக்குப் போய்வந்த பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி, எங்கள் தெரு அஞ்சலை அக்காவும் ஒருத்தி. போலீசுக்குப் போகாமல் மை போட்டுப் பார்க்க ஆள் கூட்டி வந்தார்கள். இந்தத் தலைமுறைக்குச் சொல்கிறேன்: வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி, விளக்கு ஏற்றி வைத்து, வயதுக்கு வராத ஒரு பெண் பிள்ளையை அதை உற்றுப் பார்க்கச் சொல்வார்கள். மைக்குள் முதலில் ஒருவர் வந்து இடத்தைப் பெருக்கி நாற்காலி போடுவாராம், பிறகு திருடினவர் முகம் அதில் தெரியுமாம்.

வந்தவர் சடாமுடி சாமியார் எல்லாம் இல்லை. டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார், வெள்ளைச் சட்டை, பையில் பேனா. "நான் ஒன்னும் பாக்கறது இல்லீங்க, மைதான் காட்டும், பாப்பாதான் சொல்லும்" என்று முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கூட்டத்தில் என் கண்தான் தெளிவான கண் என்று யாரோ சொல்ல, என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"இன்னா தெரியுது பாப்பா?"

"வெளக்கு."

"நல்லா பாரு. ஒருத்தரு வந்து தொடப்பத்தால பெருக்கறாரா?"

எனக்குத் தெரிந்தது என் மூக்கு மட்டும்தான். ஆனால் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கால் மரத்துப்போயிருந்தது. அதோடு ஒன்றுக்கு வேறு முட்டிக்கொண்டு வந்தது.

"பெருக்கறாரு."

"நாற்காலி போடறாரா?"

"போடறாரு."

"ஆங். இப்ப தோட்ட எடுத்தவங்க வருவாங்க பாரு. ஆம்பளயா, பொம்பளயா?"

"பொம்பள."

"சேல இன்னா கலரு?"

அஞ்சலை அக்காவிடம் ஒரு கிளிப்பச்சைச் சேலை இருந்தது. அந்தப் பொங்கலுக்குத்தான் எடுத்தது. பெரியவளானதும் அதே மாதிரி ஒன்று எடுக்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. சேலை என்று யார் சொன்னாலும் அந்த நாட்களில் என் மண்டையில் அதுதான் வந்து நிற்கும்.

"கிளிப்பச்ச" என்றேன்.

மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் திரும்பியது. "நான் எடுக்கல, எடுக்கல" என்று அஞ்சலை அக்கா கத்தியது இப்போதும் கேட்கிறது. அன்று சாயங்காலம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மெய்யாலுமே பாத்தியாடி?" என்று கேட்டாள். அப்போதாவது இல்லையென்று சொல்லியிருக்கலாம். "பாத்தேன்" என்றேன். பொய் சொன்னேன் என்றால் அடி விழும் என்கிற பயம்.

தோடு கிடைக்கவே இல்லை. அஞ்சலை அக்காவை யாரும் அடிக்கவில்லை, யாரும் பிறகு வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. மேஸ்திரி கரும்பு வெட்ட ஆள் எடுக்கும்போது அவர் பெயரைத் தாண்டிப் போய்விடுவார். ஒரு வருடம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கரியாலூர் இருக்கிற கல்வராயன் மலைக்குப் போய்விட்டார். அங்கே மரவள்ளிக் காட்டில் வேலை கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இதை என் அம்மா சாகும்வரை அவளிடம் சொல்லவில்லை. புருஷனிடம் சொல்லவில்லை. பெற்ற பெண்ணிடம் சொல்லவில்லை. இதைத்தான் கிரெக் ஒரு கட்டத்துக்குள் எழுதச் சொல்கிறார்.

அந்த வெற்றிலைக்கு முன்னால் என் மண்டைக்குள் கிளிப்பச்சைச் சேலை இருந்தது உண்மைதான். அந்த மைக்காரரிடம் இந்தப் பட்டை இருந்திருந்தால் அதுவும் 'பாப்பா பொய் சொல்லவில்லை, சேலை இருக்கிறது' என்றுதான் காட்டியிருக்கும். ஒரு பிள்ளையின் ஆசை அது, திருட்டுக்குச் சாட்சி இல்லை என்று எந்தப் பட்டை சொல்லும்? அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். நானும் வாயைத் திறக்கவில்லை.

4

என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. என் பிரச்சினையைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்பு சொன்னாள்.

"ஜஸ்ட் டெல் தெம் அம்மா. மறைக்க உங்ககிட்ட என்ன இருக்கு?"

'உங்ககிட்ட' என்று அவள் சொன்ன விதம்தான் என்னைக் குத்தியது. இட்லி ஊற்றுகிற, பஸ் ஓட்டுகிற, சனிக்கிழமை துணி துவைக்கிற இந்தப் பொம்பளைக்கு உள்ளே ஓர் அறை இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அவளிடமும் ஒரு பட்டை இருக்கிறது. டிப்போ கொடுத்தது இல்லை, ஆசையாக அவளே வாங்கிக்கொண்டது. இன்று எவ்வளவு அமைதி, எவ்வளவு கவனம் என்று மதிப்பெண் போடும். தோழிகள் ஐந்தாறு பேர் ஒருவர் மதிப்பெண்ணை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். போன மாதம் அதில் ஒருத்தி இவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் தன் வீட்டுக் கதையைச் சொல்லி அழுதுகொண்டிருந்த அரை மணி நேரத்தில் இவளுடைய பட்டை 'கவனம் குறைவு' என்று காட்டிவிட்டதாம்.

"நீ கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?" என்றேன்.

"கேட்டேன்மா! எனக்குப் பசிச்சுது. தட்ஸ் ஆல்!"

அழுதாள். அழுதுகொண்டே பட்டையை எடுத்துச் சார்ஜில் போட்டாள். எனக்கு அதை ஜன்னல் வழியாக வீசலாம் போல வந்தது. தட்டுகளை எடுத்துக் கழுவப் போனேன். அவளிடம் நான் எது சொன்னாலும் அது அம்மாவின் ஊர்ப் பேச்சாகிவிடும்.

5

டாக்டர் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்தார். எல்லாம் சரி, அந்தக் கட்டத்தை மட்டும் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்றார். தொழிற்சங்கத்துக்குப் போன் செய்தேன். இது பற்றி ஒரு குழு போட்டிருக்கிறார்கள், குழு எப்போது கூடுவது என்று முடிவு செய்ய இன்னொரு குழு கூட வேண்டும் என்றார்கள். போதும் போதும் என்றாகிவிட்டது.

முருகனிடம் புலம்பினேன். முழுக்கதையைச் சொல்லவில்லை, பட்டைக் கதையை மட்டும்.

"இதுக்குப் போயி மண்டய ஒடச்சிகினு கீறியே! வூட்டு ஞாபகம்னு எதுனா எழுதிக் குடு. அவனுங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

சொல்வது சரிதான். கிரெக்கும் அதைத்தான் எதிர்பார்த்தார். 'ஊர் நினைவு' என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் மறுநாளே என் பஸ் எனக்கு. பேனாவைக் கூட எடுத்துவிட்டேன்.

கை ஓடவில்லை. கேட்கிறவர் முகத்தைப் பார்த்து, அவருக்குத் தோதாக ஒரு பதிலைச் சொல்லி எழுந்து ஓடுகிற வேலையை நான் ஒரு தடவை செய்திருக்கிறேன். ஐம்பதை நெருங்கும்போது மறுபடியும் செய்ய முடியாது. உண்மையை எழுதலாம் என்றால் அந்த உண்மை கிரெக்குக்குச் சேர வேண்டியதும் இல்லை. அது சேர வேண்டிய ஆள் கரியாலூரில் கிழங்கு விற்றுக்கொண்டிருக்கிறார்.

கட்டத்தை வெறுமையாக விட்டு, அடியில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். கிரெக் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இதை வைத்து என்னால் எதுவும் செய்ய முடியாதே மாலீக்கா" என்றார். பாவம், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. இப்போது என்னைத் தொலைந்த பொருள் அறையில் போட்டிருக்கிறார்கள். பயணிகள் விட்டுப்போன குடை, ஒற்றைக் கையுறை, குழந்தை பொம்மை எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டுகிறேன். அங்கே தொப்பி வேண்டியதில்லை. பஸ் திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்காத கை காலையில் எழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கிடக்கிறது.

6

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முருகனிடம் எண் வாங்கி அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம், சுற்றுலாக் கூட்டம் நிறைந்த நேரம். அருவிக்குப் போகிறவர்கள் இரைச்சலும் வண்டி ஹாரனும் கேட்டன.

"மல்லிகாவா? ஏ பாப்பா! இன்னாடி, வெள்ளக்காரிச்சி ஆயிட்டியா?" குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. மற்றபடி அதே குரல்.

நலம் விசாரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"அக்கா, அன்னிக்கு அந்த மையில எனக்கு ஒன்னும் தெரியல. பொய் சொன்னேன். ஒன் சேல எனக்குப் புடிக்கும், அது வாயில வந்துடுச்சி. அம்மா கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

"மொளகாத்தூளு ஜாஸ்தியா, கம்மியா?" என்று அங்கே யாரிடமோ கேட்டார். யாரோ "கம்மியா போடுங்க" என்றார்கள். காகிதம் மடிக்கிற சத்தம்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"நீ நெளிஞ்சிகினு இருந்தியே. ஒன்னுக்கு வந்துகினு இருந்துச்சி ஒனக்கு. புள்ளய எழுப்பி வுடுன்னு ஒங்கம்மா கிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன். அந்தக் கூட்டத்துல யாரு கேட்டா?"

நான் அழுதுவிட்டேன். எத்தனை வருடத்து அழுகையோ, நிற்கவில்லை.

"அழுவாத. கோவமே இல்லன்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நாளு இருந்துச்சி. ஒன் மேல கூட இருந்துச்சி. சின்ன புள்ளன்னு அப்பறம் வுட்டுட்டேன்."

அதோடு நான் போனை வைத்திருக்க வேண்டும். கேட்க வந்தது மன்னிப்பு, அது கிடைத்த மாதிரியும் இருந்தது. ஆனால் என் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அக்கா, அப்ப அந்தத் தோடு... யாரு எடுத்துருப்பாங்க? ஒனக்கு எதுனா தெரியுமா?"

யாரையோ பற்றிக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். இரண்டு பேருக்கும் தெரியும், நான் யாரைக் கேட்டேன் என்று.

"மேஸ்திரி கேட்டான்" என்றார் அக்கா, மெதுவாக. "என் வூட்டுக்காரன் சாவற வரிக்கும் கேட்டான். நான் பெத்ததுங்க கேட்டுச்சிங்க. மொத நாளு எடுக்கலன்னு கத்தனேன், ஒருத்தன் நம்பல. அன்னியிலேர்ந்து எடுத்தேன்னும் சொல்றதில்ல, எடுக்கலன்னும் சொல்றதில்ல. வாயால சொன்னத நம்பாதவங்களுக்கு உள்ள இருக்கறது எதுக்கு?" மூச்சு விட்டார். "நீயும் கேட்டுட்ட பாத்தியா."

"அக்கா, நான் அப்டி நெனச்சி..."

"ஆளு நிக்குது பாப்பா. வெக்கறேன்."

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பட்டைக் கம்பெனிக்காரரை, கிரெக்கை, என் மகளை, எல்லோரையும் திட்டித் தீர்த்த வாய்க்குத் திட்ட ஆள் இல்லாமல் போனது. எனக்கு மட்டும் ஒரு பட்டை இருந்து, அதை அஞ்சலை அக்கா நெற்றியில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கலாம் என்றிருந்தால் நான் வைத்திருப்பேன். வைக்கட்டுமா என்று அவரிடம் கேட்டிருக்கவும் மாட்டேன். எழுதவே கூசுகிறது.

நாலாவது ஞாயிறு எடுத்தார். மழை, கூட்டம் குறைவு, பேத்தி கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்கிறாள் என்று பேசினார். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "பேர மாத்திட்டு எழுது" என்றார். மாற்றியிருக்கிறேன். என் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

இப்போது வாராவாரம் பேசுகிறோம். ஒவ்வொரு தடவையும், வைக்கப் போகிற நேரத்தில் இரண்டு பேரும் கொஞ்சம் பேசாமல் இருப்போம். போன வாரம் அவரே உடைத்தார்.

"இன்னாடி, கேக்கணும் போல இருக்குதா?"

"இல்லக்கா."

"பொய்" என்றார்.